ரெண்டு சிஸ்டம்

கல்யாணமாகி இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சுகந்திக்குக் கதிரேசனிடம் கூச்சம் இன்னும் போகவில்லை. கேமிங் கம்ப்யூட்டருக்கு மூன்று வருடமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த அவன், பிராசசர் வாங்கக் கிளம்பியபோது அவளையும் அழைத்துப் போனான்.

கடைக்காரர் இருப்பதிலேயே வேகமானதை எடுத்து வைத்தார்.

"இது ரொம்ப சூடாகுமே அண்ணே, கூலர் தனியா வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் சுகந்தி.

கதிரேசன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "நீ விளையாடுவியா?"

"எங்க அண்ணன் சிஸ்டத்துல. அவன் வேலைக்குப் போனப்புறம். வீட்ல யாருக்கும் தெரியாது."

அவன் அந்தப் பெட்டியை மெல்லக் கடைக்காரர் பக்கம் தள்ளினான். "சின்ன பிராசசரா எடுத்து, இதே பட்ஜெட்டுல ரெண்டு சிஸ்டம் போடலாமா?"

"ரெண்டுலயும் இந்த வேகம் இருக்காதே சார்."

"பரவால்ல."

திரும்பும்போது இரண்டு பிராசசர் பெட்டிகளையும் மடியில் அணைத்தபடி வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் நின்றதும் அவன் தோளைத் தொட்டுக் கேட்டாள்: "ரூம்ல ரெண்டு சிஸ்டமும் வச்சா, ஜன்னல் பக்கம் நீங்க உட்காருறீங்களா, நான் உட்காரட்டுமா?"