பதினொரு பேரைக் காப்பாற்றியவர்

வம்சாவளி இணையதளத்தில் பூட்டன் ஒச்சப்பனுக்குப் பெயரைத் தவிர வேறு தகவல் இல்லை. கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், கல்லூரி விடுமுறையில் இருந்த அழகுராசா, 'பெருவெள்ளத்தில் நீந்திப் பதினொரு பேரைக் காப்பாற்றியவர்' என்று தட்டிவிட்டான். ஒரே மாதத்தில் பினாங்கிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், 'அந்தப் பதினொரு பேரில் ஒருவர் என் தாத்தா. அழுதுகொண்டே எழுதுகிறேன்' என்று கீழே எழுதியிருந்தார். அப்பா தவமணி அதை அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். பஸ் கண்டக்டர் முறைத்தாலே இறங்கிவிடுகிற மனுஷர், அதன்பிறகு நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தார்.

இன்று பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்துவிட்டது. ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, தவமணி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சுவர்மேல் ஏறிவிட்டார். வாளித் தண்ணீரைத் தாண்டி எதிலும் அவர் குளித்ததில்லை. அழகுராசா ஓடிப்போய் அவர் காதோடு சொன்னான்.

"அப்பா, இறங்காதீங்க. பூட்டன் கதை நான் அடிச்சு விட்டதுப்பா."

"தெரியும்டா. தகவல் சேர்த்தவர்னு உன் பேரத்தான போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"பெறகு எதுக்குப்பா இதெல்லாம்?"

"பினாங்குல ஒரு மனுசன் அழுதிருக்காருல்ல?"

கயிற்றின் மறுமுனையை மகன் கையில் கொடுத்துவிட்டு, உள்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்லில் அவர் காலை வைத்தார். அழகுராசா கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். கீழே பன்னிரண்டாவது ஆள் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.