ஐந்தாவது மெத்தை

நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டவளுக்குக் குதிகால் எரிந்தது. உட்காரத்தான் அந்தப் பழைய சோபாவை வாங்கினாள். ஆனால் யார் யாரோ வியர்வை ஊற உட்கார்ந்த மெத்தையில் உறை போடாமல் உட்கார மனசு வரவில்லை. ஜன்னல் திரையை வெட்டி மூன்று மெத்தைக்கும் தைத்து மாட்டினாள். ஓரத்தில் நாலாவது வெறுமனே இருந்தது.

"மூணுதானேங்க வாங்கினோம்?"

"தூக்கக் கலக்கமா உனக்கு? நாலுதான். அதுக்கும் ஒண்ணு போட்டுரு," என்றான் கணவன்.

படுக்கை விரிப்பை வெட்டி அதற்கும் போட்டாள். நிமிர்ந்தபோது சோபா சுவர்வரை நீண்டிருந்தது. ஐந்தாவது மெத்தையின் நடுவில், யாரோ எழுந்து போன குழி. தொட்டாள். சூடு ஆறவில்லை.

வீட்டில் வெட்ட மிச்சமிருந்தது இஸ்திரிக்கு வந்த ஊரார் துணிதான். அதில் கத்தரி வைக்க முடியாது. ஒன்று வெறுமனே கிடக்க, உறை போட்டதில் உட்காரவும் மனசு வராமல் அவள் நின்றுகொண்டே இருந்தாள். அந்த மெத்தைக்கு இன்னும் ஒரு உறை பாக்கி.