கிருமியின் தோல்

ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியின் கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனை ஒன்று கிருமியின் முதுகைத் தடவித் தடவி, அதன் மேடுபள்ளங்களைத் திரையில் வரிவரியாக வரைந்துகொண்டிருந்தது. பூங்கோதையின் அண்ணனுடைய நெஞ்சுச்சளியிலிருந்து எடுத்த கிருமி அது. எந்த மருந்துக்கும் சாகவில்லை. புது மருந்தை அதன்மேல் விட்டுவிட்டு, ஃபேனை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, மூச்சைக்கூட மெல்ல விட்டபடி அவள் காத்திருந்தாள். சின்ன அதிர்வும் ஊசிக்கு ஆகாது.

வழுவழுவென்று வந்துகொண்டிருந்த தோலில் திடீரென்று சுருக்கங்கள் விழுந்தன.

"ஜெரால்டு, இங்க வந்து பாரேன்! தோல் சுருங்குது. மருந்து வேலை செய்யுது!"

கூட வேலைபார்க்கும் ஜெரால்டு வெறுங்காலோடு அடிமேல் அடிவைத்து வந்தான். அதற்குள் அடுத்த வரிகள் பழையபடி வழுவழுப்பாகிவிட்டிருந்தன.

"மேஜைல ஃபோன் வச்சிருக்கியா?"

சத்தம் வராமல் கைக்குட்டையில் சுற்றி ஓரமாக வைத்திருந்தாள். பிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி கூப்பிட்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் அது மறுபடி அதிர்ந்தது. திரையில் தோல் மறுபடி சுருங்கத் தொடங்கியது.

"எடுத்துப் பேசு, பூங்கோதை."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு. இன்னும் கொஞ்சம் சுருங்கட்டும்."