மிளகளவு நிலா

கதவருகே சாவிக்கொத்து குலுங்கியது.

அவள் இன்னும் தட்டச்சு அடித்து முடிக்கவில்லை.

"எழுந்திரும்மா. ஆறு மணிக்கு உங்க லேடீஸ் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிட்டா உங்க வார்டன் என்னைத்தான் பிடிபிடின்னு பிடிப்பாங்க." கணினிக் கூடத்துப் பொறுப்பாளர் திரவியம் சார்.

"ஒரே நிமிஷம் சார்."

"ஒரு வாரமா இந்தப் பலகைல ஈ கூட உட்காரல. நீ எதுக்கு மெனக்கெடறே? நாளைக்குக் காலைல பார்ப்பேன். எதுல கூட்டமோ அது இருக்கும். இன்னொண்ணைத் தூக்கிருவேன். மெஷின் ரெண்டையும் சுமக்காது."

கல்லூரி முழுவதற்கும் அந்த ஒரே இயந்திரம்; கூடத்துத் திரைகள் எல்லாம் அதோடு இணைந்தவை. அதில் பேசிக்கொள்ள இரண்டு மென்பொருள்கள் சோதனைக்கு வந்திருந்தன.

ஒன்று அரட்டை. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வரிகள் ஓடும், மறையும். ராத்திரியிலும் பையன்களுக்குத் திறந்திருக்கும் கூடத்தில் அது அமோகமாக ஓடியது.

மற்றது பலகை. எழுதியது அப்படியே தொங்கும். பதில் அதன் கீழே தொங்கும். நாளைக்கு வந்தாலும் படிக்கலாம்.

ஆறு மணிக்குப் பூட்டப்படுகிறவர்களுக்கு அந்த நாளைக்கு வேண்டும்.

வாரம் முழுக்க அவள் பலகையில் கேள்வி கேட்டிருந்தாள். பணிவாக. தயவுசெய்து என்றெல்லாம் போட்டு. உள்ளே நுழைகிற எல்லோர் கண்ணிலும் அது முதலில் பட்டது. பட்டும் ஒருவரும் நிற்கவில்லை.

இன்றைய கேள்வி, உதிக்கும்போது நிலா ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பது.

விரல் நின்றது.

அப்பா பாத்திரக் கடைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது கூடப் போயிருக்கிறாள். வாய் திறக்காத வியாபாரியிடம் அப்பா எதையும் கேட்கமாட்டார். கூசாமல் ஒரு தப்பு விலையைச் சொல்வார். எதிராளி பதறிப்போய் வாயைத் திறப்பான். திறந்தபின் அவனை நிறுத்துவதுதான் கஷ்டம்.

கேள்வியை அழித்தாள்.

"உதிக்கும்போது நிலா பூமிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதனால்தான் பெரிதாகத் தெரிகிறது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை."

கடைசி வாக்கியத்தில்தான் அப்பா இருந்தார்.

அனுப்பிவிட்டு ஓடினாள். விடுதி கேட் அவள் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது.



அன்று பௌர்ணமி.

மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றாள். கீழ்வானத்தில் புளி போட்டுத் தேய்த்த தாம்பாளம்போல் அது ஏறி வந்தது.

அதற்குக் கீழே, தூரத்தில், ஆண்கள் விடுதியின் மொட்டை மாடி. வெறுமையாக.

பிறகு ஓர் உருவம்.

பிறகு நாலைந்து.

பிறகு மாடி கொள்ளாத கூட்டம்.

ஒருவன் நிலாவை நோக்கிக் கையை நீட்டினான். பக்கத்தில் இருந்தவனும் நீட்டினான். வரிசையாகக் கைகள் எழுந்தன. எதையோ வாங்கிக்கொள்வதுபோல.

அடுத்து எல்லோரும் திரும்பி நின்று குனிந்தார்கள். காலிடுக்கு வழியாக வானத்தைப் பார்த்தார்கள்.

"அடியே, என்னடி ஆச்சு இவனுங்களுக்கு?" அறைத்தோழி எஸ்தர் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். "மெஸ் குழம்புல எதையாவது கலந்துட்டாங்களா?"



தட்டியது ஒரு விசை. அங்கே அத்தனை கைகள்.

ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் கையும் நீண்டுவிடும் என்று பயந்ததுபோல.



காலையில் கூடம் நிரம்பியிருந்தது. ஒரே ஒரு நாற்காலி காலி.

அவள் எழுதிய மூன்று வரிக்குக் கீழே பதில்கள் தொங்கின. பதிலுக்குப் பதில், அதற்கும் பதில். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"சார், தப்பு."

"சார், மெஸ்ல இருந்து மிளகு எடுத்துட்டு வந்தோம். கை நீட்டிப் பிடிச்சா நிலா மறைஞ்சிடுது. கீழ இருக்கறப்பவும் ஒரு மிளகுதான், உச்சிலயும் அதே மிளகுதான்."

"உண்மைல உச்சிக்கு வர்றப்பதான் நிலா நமக்குக் கொஞ்சம் கிட்ட, சார். படம் வரைஞ்சு பாருங்க."

"குனிஞ்சு பார்த்தா சின்னதாயிடுது சார். எங்க வார்டன் கம்போட ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவரும் குனிஞ்சார்."

பலகையில் பெயர் வராது, கணக்கு எண் மட்டும். இவ்வளவு துணிச்சலாகத் தப்பு சொல்கிறவர் வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவுகட்டியிருந்தார்கள்.

திரவியம் சார் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"நேத்து அரட்டைல ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாப் பயலும் பலகைலதான் கிடந்திருக்கான். அரட்டையைத் தூக்கியாச்சு."

அவள் தலையாட்டினாள்.

கடைசிப் பதில் இப்போதுதான் வந்திருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ.

"சார், இன்னைக்கும் மாடிக்குப் போறோம். நீங்களே நேர்ல வந்து பாருங்க. மிளகு நாங்க கொண்டு வரோம்."

அவள் விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு அடித்தாள்.

"வர ஆசைதான். ஆறு மணிக்கு எங்கள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்."

அனுப்பினாள்.

முன் வரிசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு அடுத்த வரிசையில். பிறகு கூடம் முழுக்க.

மேலே மின்விசிறி மட்டும் சுற்றியது.

அவள் திரும்பவில்லை. அவசரமும் இல்லை. எழுதியது அங்கேயே தொங்கும்.