தெப்பக்குளத்து மண்

கன்று தெப்பக்குளத்தை மிதிக்கவில்லை. நக்கியது.

பட்டியைச் சுற்றி நின்ற சனம் சிரித்துவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று பொழுது சாயும் நேரத்தில் பட்டிக்குள் மண்ணால் சாண் உயரத்துக்குச் சதுரமாகக் கரை கட்டுவார்கள். அதுதான் தெப்பக்குளம். உள்ளே தண்ணீர் ஊற்றிப் பாலும் ஆவாரம்பூவும் போட்டு, இளங்கன்றை விட்டு மிதிக்க வைப்பார்கள். கன்று மிதித்துக் கரை உடைந்தால் தட்டத்தை அடித்து, பட்டி பெருக என்று சத்தமிடுவார்கள். சென்னியம்மாளின் செவலைக் கன்றுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. முன்னங்காலை ஊன்றிக்கொண்டு கரையை நக்கு நக்கென்று நக்கியது.

"உங்க கன்னுக்குக்கூட நம்ம ஓடை மண்ணு மேல எத்தனை பிரியம் பாருங்கக்கா" என்றாள் பக்கத்துப் பட்டி ஆத்தாயி. அவள் கையில்தான் தட்டமும் குச்சியும் இருந்தன.

சென்னியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. இருக்காதா பின்னே. அந்த ஓடையை மீட்டுக் கொண்டுவந்தவள் அவள்.

மலையிலிருந்து இறங்கிச் சேந்தமங்கலத்துப் பக்கம் வரும் அந்த ஓடையின் கரையில் வெளியூர் முதலாளி ஒருவன் தோல் கிடங்கு வைத்திருந்தான். தோல் அழுகாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க, உப்பையும் பாஷாணத்தையும் ஒரு தொட்டியில் கரைத்து அதில் முக்கி எடுப்பார்கள். தொட்டி கலங்கிப் போனால் ஓடையில் திறந்துவிடுவார்கள்.

அந்தக் கோடையில் ஊரில் பாதிப் பட்டி காலியானது. சென்னியம்மாளின் உழவு மாடுகளும் கறவை எருமையும் வாயில் நுரை தள்ளி ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அம்மா வீட்டில் கட்டியிருந்த ஒரு செவலைக் கிடாரிதான் மிஞ்சியது.

பெரிய இடத்துப் பகை நமக்கெதற்கு என்று ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவள் போகவில்லை. தனியாகப் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய், கலெக்டர் கச்சேரி வாசலில் பழியாய்க் கிடந்து அதிகாரியைப் பிடித்தாள். ஓடைத் தண்ணீர் உப்புக் கரிப்பது சரி, பாஷாணமும் கலந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார் அவர்.

"ஒரே தொட்டியிலதானுங்க ரெண்டையும் கரைக்கறாங்க. உப்பு எங்க போவுதோ, பாஷாணமும் அங்கதானுங்க போவும்."

அந்த ஒரு பேச்சு ஊரெங்கும் பரவியது. டீக்கடையில் சொன்னார்கள், சந்தையில் சொன்னார்கள், பஸ் கண்டக்டர்கூட அவளைக் கண்டால் சொல்லிக் காட்டினான். கிடங்குக்குப் பூட்டு விழுந்தது. ஒரு மழைக்காலம் வந்து ஓடையை அலசிவிட்டுப் போனது. அதிகாரி வந்து தண்ணீரைச் சீசாக்களில் பிடித்துக்கொண்டு போனார். தண்ணீரில் பாஷாணம் இல்லை, மனிதரும் மாடும் தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்லியனுப்பினார். அன்றைக்கு ஊரே மேளத்தோடு அவள் வாசலுக்கு வந்தது.

செவலைக் கிடாரியும் ஈன்றது. வெறும் பட்டியாகக் கிடந்த இடத்தில் ஒரு கன்று துள்ளியது.

அதனால்தான் இந்த வருஷம் முதல் மரியாதை அவளுக்கு. அவள் பட்டியில் தட்டச் சத்தம் கேட்ட பிறகுதான் மற்றப் பட்டிகளில் கன்றை அவிழ்ப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். மண்ணும் அவள் கையாலேயே வரவேண்டும் என்று கேட்டார்கள். சென்னியம்மாள் ஏனோதானோவென்று அள்ளுகிறவளா. பழைய கிடங்குக்குக் கீழே ஓடை திரும்புகிற இடத்தில் ஒரு மடு உண்டு. எத்தனை வெள்ளம் வந்தாலும் அதன் அடிமண் அசையாது. கேழ்வரகுக் களி போல மழமழவென்று கறுத்துப் படிந்திருந்த அந்த மண்ணைத் தோண்டி, தலையில் சுமந்து, பட்டிக்கு ஒரு கூடை கொண்டுபோய் வைத்தாள். அத்தனை பேரும் அதைக் கும்பிட்டு வாங்கினார்கள்.

கன்று இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. அவள் சிரித்தபடியே குனிந்து கயிற்றை இழுத்தாள். அது வரவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு கரையிலேயே நாக்கை ஓட்டியது.

இதே மாதிரி மாடுகள் சுவரை நக்கி அவள் பார்த்திருக்கிறாள். உப்புப் பூத்த சுவரை.

சிரிப்பு நின்றது.

கன்றின் மூக்கில் அப்பியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் வழித்தாள். விரலை நாக்கு நுனியில் வைத்தாள்.

அவள் சொன்ன பேச்சை ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது. அவளுக்கு மட்டும் அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

தண்ணீரைத்தான் சீசாவில் பிடித்துப் போனார்கள். மண்ணை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கன்று மிதித்தால் என்ன, நக்கினால் என்ன, நேரமாகிறது என்று ஆத்தாயி தட்டத்தை உயர்த்திக் குச்சியை ஓங்கினாள். வரிசையாக எல்லாப் பட்டிகளிலும் கயிற்றைக் கையில் பிடித்தபடி இந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

சென்னியம்மாள் ஒரு கையால் கன்றின் வாயைப் பொத்தினாள். மறுகையால் ஆத்தாயியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

சனம் அவள் முகத்தைப் பார்த்தது. அவள் ஆத்தாயியின் கையை விடாமல் நிமிர்ந்து நின்று, ஓடை இன்னும் நம் கைக்கு வரவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கில் இன்னும் உப்புக் கரித்தது.