விடிகாலைத் தள்ளாட்டம்

"குடிக்கிறவன் ராத்திரி குடிச்சுட்டு தள்ளாடுவான். இந்த மனுசன் பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே தள்ளாடுறாரே." தில்லையம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

புருசன் ராஜமாணிக்கம் கண் சொருக, நாக்குக் குழற சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சத்தியமா நான் தொட்டதே இல்லடி."

யார் நம்புவது? சிதம்பரத்தில் அவர்கள் தெருவே வாயைப் பொத்திச் சிரித்தது. மகள் வினோதினிக்குப் பண்ருட்டியில் நிச்சயம் ஆகியிருந்த நேரம் வேறு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் என்னாவது?

கோயிலுக்கு இழுத்துப் போனாள். குடியை விடுவதாகச் சத்தியம் வாங்கி, கையில் கயிறு கட்டவைத்தாள். "இன்னிக்குப் பூரா பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாது" என்று விரதம் வேறு. மத்தியானம் பிரகாரத்திலேயே மனுசன் மயங்கி விழுந்தார்.

கடலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "கணையத்துல சின்னக் கட்டி. அது இன்சுலினை ஜாஸ்தியா சுரக்குது. வயிறு காலியா இருந்தா சர்க்கரை எறங்கி, குடிச்ச மாதிரியே தள்ளாடும். நீங்க பட்டினி வேற போட்டிருக்கீங்க. நல்லவேளை, புற்றுநோய் இல்ல. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா சரியாப் போயிடும்."

பாவி, கொன்றிருப்பேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள் தில்லையம்மாள். ஆனாலும் மனசு லேசானது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சு இனி இல்லை. தெரு முழுக்கத் தண்டோரா போட வேண்டும்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், வாசலில் சம்பந்தி சுப்புராயன்.

"உங்கள ஆஸ்பத்திரியில பாத்ததா சொன்னாங்க. வெளிப்படையாவே கேக்கறேன் சம்பந்தி. நீங்க குடிப்பீங்கன்னு முன்னாடியே காதுல விழுந்துச்சு. ஆம்பள, அது கெடக்கட்டும். ஆனா கட்டி கிட்டின்னு ஏதாச்சும் சீக்குன்னா பரம்பரையா வரும்பாங்க. எங்க வம்சத்துக்கு அது ஆவாது."

சொல்லத் துடித்துக்கொண்டிருந்த சேதியைத் தில்லையம்மாள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். கதவோரம் வினோதினி முகம் வெளுத்து நின்றாள்.

ராஜமாணிக்கம் மகளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி. குடி ஜாஸ்தியாயிடுச்சு. அத விடறதுக்கு வைத்தியம் பாக்கத்தான் போனோம்."

"ஆமாங்கண்ணா, காலையிலயே ஆரம்பிச்சுடுவாரு" என்றாள் தில்லையம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சுப்புராயன் முகம் மலர்ந்து ராஜமாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதையும் மறைக்காம ஒத்துக்கிட்டீங்க பாருங்க. உங்கள மாதிரி உண்மையான மனுசன் சம்பந்தியா கெடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்."