பெரியவனுக்குக் கீழே

தேநீர்க் குவளையோடு கண்ணாடிக் கொட்டகைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரியவன் நேற்றைவிட இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தான்.

ஒரு விரல் அகலம்தான். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

அவன் சாய்கிற பக்கத்தில், நேர் கீழே, பெஞ்சில் அவள் கணவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பெரியவன் என்றால் பிள்ளை இல்லை. கள்ளிச்செடி. தூண் மாதிரி நிமிர்ந்து வளர்கிற சாதி. பன்னிரண்டு அடி உயரம். கட்டிப்பிடித்தால் கை எட்டாது. அந்த முள்ளைக் கட்டிப்பிடிக்க யார் துணிவார்கள் என்பது வேறு விஷயம். உள்ளே முழுக்கத் தண்ணீர். ஆறு பேர் சேர்ந்தாலும் தொட்டியை அசைக்க முடியாது.

கடுகு போன்ற விதையாக வந்தவன். கட்டைவிரல் உயரம் வரவே ஐந்து வருஷம் ஆயிற்று. அப்புறம் முப்பத்தைந்து வருஷம் அவள் கணவர் பொத்திப் பொத்தி வளர்த்தார். ஆமையே தேவலை என்று தெருவில் கேலி செய்வார்கள். கள்ளிக்காரர் என்றே அவருக்குப் பேர்; சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

குளிர் மாதங்களில் கள்ளிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. அது வேர் தூங்குகிற நேரம். அப்போது ஈரம் பட்டால் அடியிலிருந்து அழுகத் தொடங்கும். மேலே பச்சை மாறாது. உள்ளே கூழாகிக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் மொத்தமாகச் சரியும். இந்தக் கொட்டகையில் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது.

இந்தக் குளிருக்குப் பெரியவன் தொட்டிமேல் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

முதல் நாளே அவள் பார்த்துவிட்டாள். மூடக் கை நீட்டினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

நான் திறக்கவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூடவில்லை, அவ்வளவுதானே. இரண்டு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. தினமும் காலையில் பெரியவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார். அவனுக்கென்ன, ராஜாவாட்டம் நிற்கிறான் என்று அவள் வாய் கூசாமல் சொல்வாள். குளிர் தொடங்கியதும், வாசலோரம் கிடந்த பெஞ்சை இங்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். இங்கேதான் வெயில் நன்றாக விழுகிறதாம். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கள்ளியின் உடம்பில் பொய் இருக்காது. வறட்சியோ பனியோ தாக்கிய வருஷம், அந்த வருஷம் வளர்ந்த உயரத்தில் இடுப்பைப் பிடித்த மாதிரி ஒரு சுருக்கம் விழுந்துவிடும். பெரியவனுக்கும் அங்கங்கே உண்டு. அவள் நெஞ்சு உயரத்தில் மட்டும் ஒரு முழ நீளத்துக்குச் சுருக்கமே கிடையாது.

அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய குளிர். நண்பகலிலேயே கண்ணாடியெல்லாம் பனி உறைந்த நாள். எட்டு வயது மகள் காய்ச்சலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். வண்டி வாசலில் நின்றது. பனியில் கள்ளிகள் சாகாமல் சூடேற்றுகிற கொட்டகை அடுப்பு அணைந்துபோயிருந்தது.

"அடுப்பு பிடிச்சிரட்டும், கிளம்பிடலாம்" என்றார் அவர்.

ஈரக் கரி. பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார் டாக்டர்.

அந்த வருஷம் பெரியவன் நன்றாக வளர்ந்தான்.

அதைப் பற்றி அவர் அதற்குப்பின் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்லுளிமங்கன். அவளும் கேட்டதில்லை. சமைத்தாள், பரிமாறினாள், துணி துவைத்தாள், தொட்டிகளுக்கு மண் சலித்தாள். மனதுக்குள் மட்டும் அந்த முக்கால் மணி நேரம் இன்னும் முடியவில்லை.

இப்போது தொட்டியின் விளிம்பில் பழுப்பாக ஏதோ கசிந்து வழிந்தது. அழுகிய பூசணி வாடை. எங்கோ உள்ளே நார் பிரிகிற சத்தம் மெல்லக் கேட்டது.

இதற்காகத்தானே காத்திருந்தாய் என்று மனசு கேட்டது. ஆமாம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஆனால் அவருடைய பின்கழுத்து தெரிந்தது. முடி வெட்டி நாளாகியிருந்தது. கம்பளிச் சட்டையின் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அந்தக் காலரைச் சரிசெய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவ்வளவுதான், குவளை சாய்ந்துவிட்டது. சூடான தேநீர் மணிக்கட்டில் கொட்டியது.

அவளுக்கு அவர்மேல் இருந்த வெறுப்பு பொய்யில்லை. அவர் செத்துப்போவார் என்ற பயமும் பொய்யில்லை.

"என்னங்க, எந்திரிங்க! இந்தப் பக்கம் வாங்க, சீக்கிரம்!"

அவர் எழவில்லை. கால்மேல் போட்ட காலைக்கூட எடுக்கவில்லை. நார் மறுபடியும் பிரிந்தது, இந்த முறை சத்தமாகவே.

"குழாயத் திறந்துவிட்டது நான்தான்" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "எங்க நீ மூடிடுவியோன்னுதான் ரெண்டு மாசமா பயந்துக்கிட்டே இருந்தேன்."